எட்டில் ஒரு விநாடி

குளியலறையில் இப்போது எனக்குக் கைகள் மட்டும்தான்.
கதவிடுக்கில் பழைய நைட்டியைச் சுருட்டித் திணித்தாயிற்று.
வென்டிலேட்டரில் கறுப்பு சார்ட், அதன்மேல் இன்னொரு கறுப்பு சார்ட்.
தண்டையார்பேட்டையில் இவ்வளவு இருட்டு
காசு கொடுத்தாலும் கிடைக்காது.

நூற்றியிருபது ரோலின் ஒட்டை நகத்தால் கிளப்புகிறேன்.
காகிதம் பிரிந்து தரையில் சுருண்டு எங்கோ போகிறது.
கையில் மிஞ்சியது பன்னிரண்டு படம்,
வழவழப்பாக, எனக்கே தெரியாமல்.

ரீலின் வாயில் விளிம்பைக் கொடுத்து
முன்னும் பின்னும் திருகவேண்டும்.
மே மாதம்.
மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி
விழலாமா என்று யோசிக்கிறது.
விழுந்தால் ரீல் சிக்கும்.
சிக்கினால் தள்ளக்கூடாது, காத்திருக்கவேண்டும்.
பாதி உள்ளே போய்விட்டது, பாதி என் மணிக்கட்டைச் சுற்றி.

அப்போதுதான் கதவு இடிபடுகிறது.

"லாரி வந்துட்ச்சும்மா! வெளிய வா!"
குணபூஷணி அக்கா.
"வர முடியாதுக்கா."
"வவுத்து வலியா?"
"இல்ல, ஃபிலிம்."
கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
"சரி, உன் கொடத்த நான் வெக்கிறேன்."

படியில் காலிக் குடங்கள் மோதிக்கொண்டு இறங்கின.
துளி விழுந்தது, கழுத்துப் பக்கமாக.
ரீல் திரும்பியது.

விளக்கைப் போட்டால் குழாய்த் தண்ணீர் முப்பத்துமூன்று டிகிரி.
டி-76க்கு இருபது வேண்டுமாம்.
காசிமேட்டில் வாங்கிய உடைத்த ஐஸில்
பாட்டிலை மீன்போலப் படுக்க வைத்திருந்தேன்.
ஒரு செதில்கூட ஒட்டியிருக்கிறது.
இருபத்தொன்றில் நிற்கிறது. போதும்.
நிமிடத்துக்கொரு முறை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துகிறேன்.
தெருவில் யாரோ யாரையோ திட்டுகிறார்கள்,
முழு வாக்கியமும் கேட்கிறது.

ஓடும் தண்ணீரில் அரைமணிநேரம் அலசு
என்கிறது பெட்டிக்குள் இருந்த தாள்.
அதை அச்சடித்தவர் எந்த ஊரோ.
நான் ஐந்து தடவை நிரப்பிக் கொட்டுகிறேன்.
கடைசி ஒரு தடவைக்கு மட்டும் கேன் தண்ணீர்,
உப்பு பூக்காமல் இருக்க.

முந்தாநாள் சாயங்காலம், இதே தெரு, இதே லாரி.
வயிற்றில் யாஷிகாவை அணைத்து
தலைகுனிந்து அதன் திறப்புக்குள் பார்த்தேன்.
"சாமி கும்புடுது" என்றான் ஒரு பையன்.
கண்ணாடிக்குள் இடம் வலமாகும்.
லாரி தப்பான பக்கத்திலிருந்து வந்தது,
இடக்கைக்காரர்களாக எல்லோரும் குழாயைப் பிடித்தார்கள்.
ஆனால் முதல் குடம் முதல் குடம்தான்.
அதை எந்தக் கண்ணாடியாலும் புரட்ட முடியாது.
வெளிச்சம் போதவில்லை.
எட்டில் ஒரு விநாடி வைத்து மூச்சை நிறுத்தினேன்.
மூச்சை நிறுத்தியது நான் மட்டும்தான் என்பது
இப்போது தெரிகிறது.

சமையலறைக் கொடியில் துணிக்கிளிப்புகள் இரண்டு,
மேலே ஒன்று, கனத்துக்குக் கீழே ஒன்று.
ட்யூப்லைட்டுக்கு எதிரில் வானம் கறுப்பு, டயர் வெளுப்பு.
குணபூஷணி அக்கா முழங்கை வரை நனைந்து வந்து நின்றாள்.
"இதுல நான் எங்க?"
ஏழாவது கட்டம். குழாயருகே புகை மாதிரி ஒன்று.
"இதுக்கா."
"இது நானா?"
எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள்,
கலைந்து, இரண்டு தலையோடு, கால் இல்லாமல்.
குடங்கள் மட்டும் அசையவில்லை.
பதினெட்டும் விளிம்பு கூராக நின்றன,
ஆள் இல்லாதபோது ஆளாக நிற்கப் பழகியவை.

பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் இதில் ஒரே சாம்பல்.
அக்கா ஈரவிரலை நீட்டினாள்.
தொடாதீங்க என்று நான் சொல்லுமுன்
தானே ஒரு நூலிழை தள்ளி நிறுத்தினாள்.
"இது என்னுது. இது பாத்திமா வூட்டுது.
கழுத்து ஒடஞ்சி ஒட்ட வெச்சது, உன்னுது.
ரெண்டு கொடம் புடிச்சு வாசல்ல வெச்சிருக்கேன்,
எடுத்து உள்ள வை.
ஒண்ணுக்கு மூடி இல்ல."